கபுறுகள் பேசும் கெய்ரோ



உம்றாவுக்குச் செல்லும் நம்மவர்களில் சிலர் எகிப்தையும் பார்த்துவிட்டு வருகின்றனர். பிரமிட்டுகளும் நைல் நதியும் அல்அஸ்ஹரும் யாவரும் அறிந்தவை. அவற்றுடன், மரணத்தோடு சம்பந்தப்பட்ட விசித்திரமான இடங்கள் பலவும் கெய்ரோவில் உண்டு. அவற்றை வேடிக்கையாகப் பார்ப்பதா, படிப்பினையாகப் பார்ப்பதா என்பதே கேள்வி. தபூக் பயணத்தில் ஸமூது கூட்டத்தாரின் இடிபாடுகளைக் கடந்தபோது, அழுதவர்களாக அன்றி அங்கு நுழைய வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தோழர்களைத் தடுத்தார்கள். வாகனத்தையும் விரைவுபடுத்திக்கொண்டார்கள். பயணப் பையோடு இந்தச் செய்தியையும் எடுத்துச் செல்லுங்கள்.

மன்னர்களின் உடல்கள்

2021 ஏப்ரல் 3ஆம் திகதி, 18 அரசர்களினதும் 4 அரசிகளினதும் பதனிட்ட உடல்கள் தஹ்ரீர் சதுக்க நூதனசாலையிலிருந்து புஸ்தாத்திலுள்ள புதிய நூதனசாலைக்கு ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றுள் ஒன்று இரண்டாம் ரம்ஸீஸின் உடல்.

அக்காலத்தில் மன்னன் இறந்தால் மூக்கு வழியாக மூளையை எடுத்தனர். வயிற்றைக் கீறிக் குடலையும் ஈரலையும் அகற்றினர். நேட்ரன் என்னும் உப்பில் உடலை உலர வைத்து, நீண்ட துணிகளால் சுற்றினர். இவையெல்லாம் முடிய ஏறத்தாழ 70 நாட்கள் சென்றன. இத்தனையும் எதற்காக? உடல் நிலைத்திருக்க வேண்டும் என்பதற்காக! ஆனால் 66 வருடங்கள் ஆண்ட ரம்ஸீஸுக்கு ஒரே கபுறில் கிடக்கவும் முடியவில்லை. கொள்ளையருக்கு அஞ்சி, பூசாரிகள் அவ்வுடலை இடம் மாற்றி மாற்றி ஒளித்தனர். 1881இல் அது கண்டெடுக்கப்பட்டது. 1976இல் பூஞ்சணம் பிடித்ததால் சிகிச்சைக்காகப் பாரிஸுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டது. நமது பெண்களுக்கோ ஐந்து கபன் துணிகள் போதும்.

மூஸா (அலை) அவர்களை எதிர்த்த பிர்அவ்ன் இவன்தான் என்று வழிகாட்டிகள் சிலர் கூறுவர். வேறு சிலர் அவன் மகன் மெர்னெப்தாவைக் காட்டுவர். பின்வருவோருக்கு அத்தாட்சியாக அவனது உடல் பாதுகாக்கப்படும் என்பதை ஸூரா யூனுஸ் அறிவிக்கின்றது. ஆனால் அவனது பெயரை அல்குர்ஆன் கூறவில்லை. ஆகவே யாருடைய உடல் என்று அடித்துச் சொல்லாமல், பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வதே பேணுதல்.

தலைகள் தொங்கிய வாசல்

பழைய நகரின் தெற்கு வாசலான பாப் ஸுவைலா 1092இல் கட்டப்பட்டது. 1260இல் மங்கோலியத் தூதுவர்களின் தலைகள் இதில் தொங்கவிடப்பட்டன. 1517இல் மம்லூக்குகளின் கடைசி சுல்தான் தூமான் பாய் இங்கேதான் தூக்கிலிடப்பட்டார். தனக்காகப் பாத்திஹா ஓதும்படி அங்கு கூடிநின்ற மக்களை அவர் கேட்டுக்கொண்டதாக வரலாறு கூறுகின்றது. சற்று முன்புவரை நாடாண்டவர் கடைசியில் கேட்டது அதை மட்டும்தான்.

இரு பெண்கள், இரு கபுறுகள்

சகோதரிகளே, நீங்கள் சிந்திக்க வேண்டிய இடம் இதற்கும் தெற்கே, கலீபா வீதியில் உள்ளது. அங்கே ஷஜருத் துர் என்னும் அரசியின் அடக்கத்தலம் இருக்கின்றது. அடிமையாக வந்து சுல்தானின் மனைவியானவர் அவர். 1249இல் பிரெஞ்சுப் படை எகிப்தைத் தாக்கிய வேளை கணவர் மௌத்தானார். அதை வெளியில் விடாமல் மறைத்து நாட்டைக் காத்தார். 1250இல் சுமார் 80 நாட்கள் தாமே ஆண்டார். பின்னர் ஐபக்கை மணந்தார். 1257இல் ஐபக் குளியலறையில் கொல்லப்பட, பழி இவர்மீது விழுந்தது. ஐபக்கின் முதல் மனைவியினுடைய பணிப்பெண்கள் மரச் செருப்புகளால் அடித்தே இவரைக் கொன்று, உடலைக் கோட்டைக்கு வெளியே எறிந்தனர் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். சில நாட்கள் கழித்தே அவ்வுடல், அவர் உயிரோடு இருக்கும்போது கட்டிவைத்த அடக்கத்தலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் மிஹ்ராபில் அவர் பதித்த கண்ணாடிச் சில்லுகளும் சிப்பிகளும் இன்றும் மின்னுகின்றன.

அதே பகுதியில் ஸையிதா நபீஸா (ரஹ்) அவர்கள் அடங்கியுள்ளார்கள். ஹஸன் (ரழி) அவர்களின் கொள்ளுப்பேத்தியான இவர்கள் ஹிஜ்ரி 208இல் வபாத்தானார்கள். தமது வீட்டிலேயே தம் கையால் கபுறைத் தோண்டி, அதனுள் இறங்கித் தொழுது, குர்ஆனைப் பலமுறை ஓதி முடித்தார்கள் எனச் சரிதைகள் கூறுகின்றன. நமது இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 204இல் வபாத்தானபோது, ஜனாஸா இவர்களது வீட்டுக்குக் கொண்டு செல்லப்பட, அதன்மீது இவர்களும் தொழுதார்கள்.

இருவருமே உயிரோடு இருக்கும்போதே கபுறுக்கு ஆயத்தம் செய்தவர்கள். ஒருவர் கட்டிடத்தை அழகுபடுத்தினார். மற்றவர் அமலை அழகுபடுத்தினார்.

மையவாடியில் குடியிருப்போர்

இமாம் ஷாபிஈ அவர்கள் அடங்கியுள்ள கராபா மையவாடி ஒரு நகரமே போன்றது. குவிமாடத்தின் உச்சியில் உலோகப் படகு ஒன்று இருக்கும். 1211இல் கட்டிய குவிமாடம் அது. சுற்றியுள்ள அடக்கத்தலங்களின் அறைகளிலும் முற்றங்களிலும், வீடு கிடைக்காத ஏழைக் குடும்பங்கள் குடியிருந்து வருகின்றன. அங்கே பிள்ளைகள் பிறக்கின்றனர், உடுப்புக் காய்கின்றது, சோறு வேகின்றது. 2020 முதல் பாதைகளுக்காக இம்மையவாடியின் சில பகுதிகள் இடிக்கப்பட்டும் உள்ளன. கமராவோடு அவர்களது வாசலில் நிற்காதீர்கள். உங்கள் சமையலறையை அந்நியர் எட்டிப் பார்த்தால் பொறுப்பீர்களா?

பெண்கள் கபுறு ஸியாரத் செய்வதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் உலமாக்களிடம் கேட்டு நடவுங்கள். செல்பவர்கள் ஸலாம் கூறி, அல்லாஹ்விடம் மட்டுமே கேட்டு, ஒப்பாரியும் நெரிசலும் தவிர்த்துத் திரும்புங்கள்.

திரும்பி வந்ததும் பிள்ளைகளுக்கு என்ன சொல்லப் போகிறோம்? பார்த்த உடல்களின் எண்ணிக்கையையா? நம்மிடம் உள்ள பிறர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டதா, கடன் எழுதப்பட்டதா, வஸிய்யத் இருக்கின்றதா, பேசாமல் இருக்கும் சகோதரியோடு பேசிவிட்டோமா? கெய்ரோ போகாதவர்களும் தத்தம் ஊர் மையவாடியைக் கடக்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

கபுறை வேடிக்கை பார்ப்போராக அன்றி, அதற்கு ஆயத்தம் செய்வோராக வல்ல நாயன் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.