ஒற்றைக் கொம்பு

எகரம் ஏறிய உயிர்மெய்யின் முன் இடும் குறியை ஒற்றைக்கொம்பு என்று இளமையிலேயே கற்றோம். அப்பெயருக்கு முற்றும் பொருந்தும் விலங்கை இயற்கையில் தேடினால் எளிதில் அகப்படுவதில்லை.

நெற்றியில் ஒரு கொம்புடைய குதிரை வடிவ விலங்கொன்று உண்டென ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். அதன் கொம்பு நஞ்சை முறிக்கும் என்று பெரும்பொருள் ஈந்து வாங்கினர். அங்ஙனம் விற்கப்பட்டவை வடதுருவக் கடலில் வாழும் நார்வால் என்னும் திமிங்கில இனத்தின் பற்களே என்று 1638இல் டென்மார்க்கு மருத்துவர் ஓலே வோர்ம் மண்டையோட்டைக் காட்டி மெய்ப்பித்தார். மேலுதட்டைத் துளைத்துக்கொண்டு முறுக்கி நீளும் பல் அது! தமிழருக்கு இதில் இடர்ப்பாடில்லை. யானையின் தந்தத்தையும் கொம்பென்றே வழங்குகிறோம் அல்லவா?

இந்தியக் காண்டாமிருகத்தின் ஒற்றைக் கொம்போ பல்லும் அன்று, எலும்பும் அன்று. நம் நகத்திலும் மயிரிலும் உள்ள கெராட்டினே அது. அதனை மருந்தென நம்பியோர்க்காக எத்துணையோ விலங்குகள் மடிந்தன. அந்நம்பிக்கையைப் போக்கக் கருதிய அசாம் அரசு, கருவூலங்களில் சேர்ந்திருந்த 2,479 கொம்புகளை 2021 செப்டம்பர் 22 அன்று தீயிலிட்டது. நகம் கருகும் நாற்றமே அங்கு எழுந்திருக்கும் என எண்ணுகிறோம்.