ஆக்சஸ் திறந்ததும் வரும் மஞ்சள் பட்டையும் சிவப்புப் பட்டையும்

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய்க் கம்பெனி, உளுந்தும் பஞ்சும் வாங்கி விற்கும் கமிஷன் கடை என்று நான் போய்ப் பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு ஆக்சஸ் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோ ஒரு பையன் எப்போதோ எழுதிக் கொடுத்திருப்பான். பில் போடும், இருப்புக் காட்டும், பிரிண்ட் எடுக்கும். எழுதியவனுடைய கம்ப்யூட்டரில் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடும். ஆபீஸில் உள்ள நான்கு கம்ப்யூட்டர்களில் காப்பி செய்து வைத்தால்தான் தலைவலி ஆரம்பம். திறந்தவுடன் மேலே ஒரு மஞ்சள் பட்டை தோன்றும். பட்டனைக் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. உடனே போன் வரும்.

நானும் அப்படி எழுதிக் கொடுத்த ஒரு பையன்தான். படிப்பு முடித்த மறு வருடம், ஒரு தீப்பெட்டிக் கம்பெனிக்கு பில் புரோகிராம் செய்து கொடுத்தேன். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 18 சதவீதம் என்று இரண்டு வரி இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் ஒரே வரி, 12 சதவீதம் என்றார்கள். அப்போது ஊரடங்கு. நேரில் போக முடியாது. புதுப் பதிப்பை மெயிலில் அனுப்பினேன். ஆபீஸ் திறந்த அன்று பில் போடும் அக்கா போன் செய்தார்.

"தம்பி, மஞ்சக் கலர்ல ஏதோ பட்டை வந்திருக்கு. பில் பட்டனை அமுக்குனா கம்முன்னு இருக்கு. என்ன செய்ய?"

"அதுல எனேபிள் கன்டென்ட்னு இருக்கும்லக்கா, அதை அமுக்குங்க. எப்ப வந்தாலும் யோசிக்காம அமுக்கிருங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தப் பட்டை ஏன் வருகிறது என்று பார்ப்போம்.

பட்டை ஏன் வருகிறது?

ஆக்சஸ் ஃபைலுக்குள் டேபிள் மட்டும் இருப்பதில்லை. விபிஏ புரோகிராமும் மேக்ரோவும் சேர்ந்தே இருக்கும். அந்த புரோகிராம் பில்லும் போடலாம், உங்கள் ஃபைல்களை அழிக்கவும் செய்யலாம். எது என்று ஆக்சஸுக்குத் தெரியாது. 1999 மார்ச்சில் பரவிய மெலிசா வைரஸ் ஒரு வேர்டு ஃபைலுக்குள் இருந்த மேக்ரோதான். திறந்தவர்களின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் முதல் 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. அதன் பிறகு மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு பதிப்பிலும் பூட்டை இறுக்கிக்கொண்டே வருகிறது.

ஆக்சஸ் 2003-ல் டூல்ஸ் மெனு, மேக்ரோ, செக்யூரிட்டி என்று போனால் லோ, மீடியம், ஹை என்று மூன்று நிலைகள் இருந்தன. பெரும்பாலானோர் லோவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். 2007-ல் இருந்து டிரஸ்ட் சென்டர் வந்தது. நம்பிக்கை இல்லாத இடத்தில் இருக்கும் ஃபைலைத் திறந்தால் விபிஏ ஓடாது. மேலே எச்சரிக்கைப் பட்டை மட்டும் வரும். 2010-ல் இருந்து அந்தப் பட்டையில் எனேபிள் கன்டென்ட் என்ற பட்டன் இருக்கிறது. ஒருமுறை கிளிக் செய்தால் அந்த யூசருக்கு, அந்த ஃபைலுக்கு மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஃபைலின் பெயரோ இடமோ மாறினால் மறுபடியும் கேட்கும். நாம் புதுப் பதிப்பு கொடுக்கும்போதெல்லாம் போன் வருவதற்கு இதுதான் காரணம்.

சிவப்புப் பட்டை வேறு ரகம். 2022-ல் மைக்ரோசாஃப்ட் செய்த மாற்றம் இது. இன்டர்நெட்டில் இருந்து வந்த ஃபைலாக இருந்தால் மேக்ரோ தடுக்கப்பட்டுவிட்டது என்று மட்டும் சொல்லும். எனேபிள் பட்டனே இருக்காது. இன்டர்நெட்டில் இருந்து வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? பிரவுசரில் டவுன்லோடு செய்யும்போதும், அவுட்லுக்கில் இணைப்பைச் சேமிக்கும்போதும் விண்டோஸ் அந்த ஃபைலின் முதுகில் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை குத்திவிடுகிறது. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கில் இந்த முத்திரை ஃபைலோடு ஒட்டிக்கொண்டே போகும். ஜிப் செய்து அனுப்பினாலும் விண்டோஸிலேயே விரித்தால் உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கும் முத்திரை விழும். ஃபேட்32 பென்டிரைவில் காப்பி செய்தால் முத்திரை தங்காது. "மெயில்ல வந்தா ஓடல, பென்டிரைவ்ல கொண்டு வந்தா ஓடுது" என்று சிலர் சொல்வதன் ரகசியம் இதுதான்.

முத்திரையை நீக்குவது எளிது. ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் செல்லுங்கள். ஜெனரல் டேபின் அடியில் அன்பிளாக் என்ற கட்டம் இருக்கும். டிக் செய்து ஓகே கொடுங்கள். நீங்கள் எழுதிய ஃபைல், அல்லது அனுப்பியவரிடம் பேசி உறுதி செய்துகொண்ட ஃபைல் என்றால் மட்டுமே இதைச் செய்யவும்.

யோசிக்காமல் அமுக்கியதில் வந்த வினை

தீப்பெட்டி விலை 14 வருடம் கழித்து 2021 டிசம்பர் 1-ல் ஒரு ரூபாயில் இருந்து இரண்டு ரூபாய் ஆனது. மறுபடியும் புதுப் பதிப்பு, மறுபடியும் மெயில், மறுபடியும் "மஞ்சப் பட்டை வந்தா அமுக்கிருங்கக்கா". சில நாட்களில் லாரி வாடகை பில் என்ற பெயரில் ஒரு எக்செல் ஃபைல் மெயிலில் வந்திருக்கிறது. திறந்ததும் அதே மஞ்சள் பட்டை. அக்கா நான் சொல்லிக் கொடுத்தபடியே அமுக்கிவிட்டார்.

அன்று ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் வடக்கே சரக்கு வாங்கும் ஒரு வியாபாரி முதலாளிக்குப் போன் செய்து, பேங்க் அக்கவுண்டை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டார். கம்பெனியின் மெயிலில் இருந்தே, இனி புதுக் கணக்குக்குப் பணம் அனுப்பவும் என்று கடிதம் போயிருக்கிறது. மெயில் பாஸ்வேர்டு திருடு போயிருந்தது. அந்த மனிதர் போன் செய்யாமல் இருந்திருந்தால் ஒரு லோடு சரக்கின் பணம் போயிருக்கும். அக்காவை எல்லோரும் திட்டினார்கள். திட்டு வாங்க வேண்டியவன் நான். ஒரு வருடத்துக்கும் மேலாக, எச்சரிக்கை என்றால் அமுக்க வேண்டிய பட்டன் என்று பழக்கிவிட்டவன் நான்தானே. அந்த கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்து, எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றி, வாங்குபவர்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லி முடிக்க மூன்று நாள் ஆனது.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று. நம் புரோகிராம் திறக்கும்போது எந்தப் பட்டையும் வரக்கூடாது. அப்படி இருந்தால், பட்டை வந்தாலே "தொடாதே, போன் செய்" என்று சொல்லிவிடலாம்.

டிரஸ்டட் லொகேஷன்

இதற்கு மேக்ரோ செட்டிங்ஸில் எனேபிள் ஆல் மேக்ரோஸ் என்று வைத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர் கதவைத் தட்டக் கூடாது என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பது போன்றது அது. ஒரு ஃபோல்டரை மட்டும் நம்பச் சொன்னால் போதும்.

ஆக்சஸைத் திறந்து ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் செல்லவும். டிரஸ்ட் சென்டர், டிரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ், டிரஸ்டட் லொகேஷன்ஸ் என்று வரிசையாகக் கிளிக் செய்து, ஆட் நியூ லொகேஷன் பட்டனை அழுத்தி, புரோகிராம் இருக்கும் ஃபோல்டரைக் காட்டவும். அவ்வளவுதான். அந்த ஃபோல்டரில் உள்ள ஆக்சஸ் ஃபைல்கள் மஞ்சள், சிவப்பு இரண்டு பட்டையும் இல்லாமல் திறக்கும்.

எந்த ஃபோல்டர் என்பதில்தான் கவனம் வேண்டும். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், சி டிரைவ் முழுவதும் என்று கொடுத்துவிடாதீர்கள். கண்டதெல்லாம் வந்து விழும் இடத்தை நம்பச் சொல்வதில் அர்த்தமில்லை. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரும் சரிப்படாது. ஆக்சஸ் ஃபைல் திறந்திருக்கும்போது பக்கத்திலேயே ஒரு லாக் ஃபைல் உண்டாக்கும்; சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. இந்த புரோகிராமுக்கென்றே தனியாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி, வேறு எதையும் அதில் போடாமல் வைத்துக்கொள்வது நல்லது.

டேட்டாபேஸை இரண்டாகப் பிரித்திருக்கிறீர்களா? டேபிள்கள் மட்டும் ஒரு ஃபைலாக சர்வர் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். ஃபார்ம், ரிப்போர்ட், விபிஏ எல்லாம் உள்ள முன்பக்க ஃபைல் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். நால்வரும் ஒரே ஃபைலை நெட்வொர்க்கில் திறந்தால், கரிசல் காட்டு வெயிலில் கரண்ட் ஒருமுறை போய் வந்தாலே ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. பிரித்து வைத்தால் நெட்வொர்க் இடத்தை டிரஸ்டட் லொகேஷனாகச் சேர்க்க வேண்டிய அவசியம் வராது. மைக்ரோசாஃப்டே அதைப் பரிந்துரைப்பதில்லை.

புதுப் பதிப்பை சர்வரில் வைத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு சிறிய பேட்ச் ஃபைல் மூலம் காலையில் காப்பி ஆகும்படி செய்துவிடலாம். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். சர்வரில் வைக்கும்போதே அன்பிளாக் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் முத்திரையும் சேர்ந்து நான்கு கம்ப்யூட்டருக்கும் போகும். இன்னொன்று, சர்வரை ஐபி எண் கொண்டு அழைத்தால் விண்டோஸ் அதை இன்டர்நெட் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். கம்ப்யூட்டரின் பெயரைக் கொண்டே பாதையைக் கொடுங்கள்.

ரன்டைம் உள்ள கம்ப்யூட்டர்களுக்கு

நான்கு கம்ப்யூட்டருக்கும் முழு ஆக்சஸ் வாங்க எல்லோராலும் முடியாது. மைக்ரோசாஃப்ட் தரும் ஆக்சஸ் ரன்டைம் இலவசம். ஆனால் அதில் டிரஸ்ட் சென்டர் மெனு இல்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்து ஓப்பன் கொடுக்கச் சொல்லும். இங்கே ரிஜிஸ்ட்ரியில்தான் கை வைக்க வேண்டும். முதலில் ரிஜிஸ்ட்ரியை பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெக்எடிட் திறந்து, கரண்ட் யூசர் பிரிவில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆஃபீஸ், 16.0, ஆக்சஸ், செக்யூரிட்டி, டிரஸ்டட் லொகேஷன்ஸ் என்று கிளை கிளையாக இறங்கவும். அங்கே லொகேஷன் என்ற சொல்லோடு ஏற்கெனவே இல்லாத ஒரு எண்ணைச் சேர்த்துப் புதிய கீ உருவாக்கி, அதற்குள் பாத் என்ற ஸ்டிரிங் மதிப்பில் ஃபோல்டரின் முழுப் பாதையைக் கொடுக்கவும். 16.0 என்பது 2016-ல் இருந்து இன்றுள்ள பதிப்புகள் வரை எல்லாவற்றுக்கும் பொது. 2013 என்றால் 15.0, 2010 என்றால் 14.0, 2007 என்றால் 12.0. ஒரு கம்ப்யூட்டரில் செய்துவிட்டு அந்தக் கீயை எக்ஸ்போர்ட் செய்தால், மற்றவற்றில் இரண்டு கிளிக்கில் வேலை முடிந்தது.

ஏசிசிடிஇ ஆக மாற்றினால் எச்சரிக்கை போய்விடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. போகாது. அது விபிஏ மூலத்தை மற்றவர்கள் பார்க்காமல், மாற்றாமல் காக்கும், அவ்வளவுதான். அத்துடன் 32 பிட் ஆக்சஸில் செய்த ஏசிசிடிஇ 64 பிட்டில் திறக்காது. ஆஃபீஸ் 2019-ல் இருந்து தானாக இன்ஸ்டால் ஆவது 64 பிட் என்பதால், கொடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

செல்ஃப்செர்ட் கொண்டு நீங்களே செய்யும் சான்றிதழை உங்கள் கம்ப்யூட்டர் மட்டும்தான் நம்பும். நான்கு கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸுக்கு டிரஸ்டட் லொகேஷனே போதும்.

பட்டை வந்தால் சொல்லும் ஃபார்ம்

இவ்வளவு செய்தும் ஒருநாள் யாராவது ஃபைலை டெஸ்க்டாப்பில் காப்பி செய்து திறப்பார்கள். அப்போது பட்டன்கள் வேலை செய்யாமல் நிற்பதைவிட, காரணத்தைச் சொன்னால் நல்லது. ஆட்டோஎக்செக் என்ற பெயரில் ஒரு மேக்ரோ உருவாக்குங்கள். அதில் இஃப் நிபந்தனையாக, கரண்ட்புராஜக்ட் என்பதன் இஸ்டிரஸ்டட் மதிப்பு ஃபால்ஸ் என்றால் ஒரு தனி ஃபார்மை ஓப்பன்ஃபார்ம் மூலம் திறக்கச் சொல்லவும். இல்லையென்றால் வழக்கமான மெயின் மெனு. ஓப்பன்ஃபார்ம் போன்ற பாதுகாப்பான செயல்கள் விபிஏ முடங்கிய நிலையிலும் ஓடும். அந்த ஃபார்மில் விபிஏ எதுவும் இருக்கக் கூடாது. என்னுடைய ஃபார்மில் தமிழில் இரண்டு வரிதான்: "இந்த ஃபைல் சரியான இடத்தில் இல்லை. எதையும் அழுத்தாமல் மூடிவிட்டு போன் செய்யவும்." கீழே என் நம்பர்.

2025 செப்டம்பர் 22-ல் வரி அடுக்குகள் மாறியபோது புதுப் பதிப்பை சர்வரில் வைத்தேன். மறுநாள் காலை மூன்று கம்ப்யூட்டரில் சத்தமில்லாமல் ஓடியது. நான்காவதில் இருந்து அக்காவின் போன். "தம்பி, ஒங்க தமிழ் ஃபார்ம் வந்திருக்கு. நான் ஒண்ணையும் தொடல." அது புதிதாக வாங்கிய லேப்டாப். இன்ஸ்டால் செய்தவர் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய் ரிஜிஸ்ட்ரி ஃபைலை ஓட்டியிருந்தார். கரண்ட் யூசர் பிரிவு என்பதால் கீ அட்மினிஸ்ட்ரேட்டருக்குப் போய் உட்கார்ந்துவிட்டது; அக்காவின் லாகினுக்கு வரவில்லை. அக்காவின் லாகினிலேயே அந்த ஃபைலை மறுபடி ஓட்டச் சொன்னேன். ஐந்து நிமிட வேலை. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் வேறு வேறு லாகினில் வேலை செய்தால், இருவருக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும்.