ஒரே குழல், ஒரே குண்டு: தகடூர்க் காடு முதல் விண்வெளி வரை... தெரியுமா?

ஒரு குழல். ஒரு விசை. ஒரே ஒரு குண்டு. குறி தப்பினால் மறுபடி நிரப்பித்தான் சுட வேண்டும். அதற்குள் எதிரே நிற்கும் காட்டுப்பன்றி பாய்ந்துவிடும்! ஆனாலும் நடுக்காட்டில் உயிர் பிழைக்க உலகம் நம்பியதில் இந்த எளிய துப்பாக்கிக்குத் தனி இடம் உண்டு. அதன் கதை தர்மபுரி மலைகளையும் தொட்டுப் போகிறது. வாருங்கள்!

ஆயுதப் பட்டறையின் பெருமை பேசிய ஊர் எது தெரியுமா?

தர்மபுரிதான்! சங்க காலத்தில் இதன் பெயர் தகடூர். அரசன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அங்கே பளபளவென்று கொலுவிருந்த படைக்கலங்களைப் பார்த்தார். எங்கள் அரசனின் வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்ற பொருளில் பாடினார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. புகழ்வது போல இகழ்ந்து, இகழ்வது போலப் புகழ்ந்த பாட்டு! ஆயுதத்தைச் செப்பனிடும் கொல்லன், ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணின் இலக்கியத்தில் ஏறிவிட்டான்.

துப்பாக்கிக் குழலை '12 போர்' (bore) என்பதில் அந்த 12 எது தெரியுமா?

அங்குலமும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை! குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 454 கிராம். அதனால்தான் எண் ஏற ஏறக் குழல் ஒல்லியாகிறது. 12 போர் சுமார் 18.5 மி.மீ.; 20 போர் சுமார் 15.6 மி.மீ. '.410' மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது நேரடியாக அங்குலத்தில் சொன்ன குழல் விட்டம், சுமார் 10.4 மி.மீ. தோளில் சுமக்க லேசாக இருக்க வேண்டும் என்பவர்கள் இந்த ஒல்லிக் குழலைத்தான் தேடினார்கள்.

மடித்து வைக்கும் துப்பாக்கி தெரியுமா?

விமானம் விழுந்து பனிக்காட்டில் சிக்கும் வீரர்களுக்காக, 1950களில் அமெரிக்க விமானப்படை 'எம்-6' என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தது. மேலே ரைஃபிள் குழல், கீழே .410 ரவைக் குழல். இரண்டாக மடித்துப் பைக்குள் போடலாம். தோட்டாக்கள் அடிக்கட்டைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். விசைக்குப் பதில் நீண்ட பட்டை, ஏன் தெரியுமா? பனிக்கு மாட்டிய தடித்த கையுறையைக் கழற்றாமலே சுடுவதற்கு! 1959இல் வந்த 'ஏஆர்-7' இன்னும் ஒருபடி மேல்: துப்பாக்கி முழுவதையும் கழற்றி அதன் அடிக்கட்டைக்குள்ளேயே அடைத்துவிடலாம். தண்ணீரில் போட்டால் மிதக்கும்!

தர்மபுரி மாவட்டம் பிறந்த ஆண்டில் விண்வெளி வீரர்கள் காட்டில் மாட்டிக்கொண்டது தெரியுமா?

1965 அக்டோபர் 2. சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமானது. அதே ஆண்டு மார்ச்சில், உலகிலேயே முதலாவதாக விண்வெளியில் நடந்த அலெக்சி லியோனவும் அவருடைய தோழர் பாவெல் பெல்யாயெவும் பூமிக்குத் திரும்பும்போது, இறங்க வேண்டிய இடத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, ரஷ்யாவின் பெர்ம் பகுதிப் பனிக்காட்டில் விழுந்தார்கள். ஓநாயும் கரடியும் உலவும் காடு, இரண்டு இரவுகள்! அந்த அனுபவத்தின் விளைவாகப் பிறந்ததுதான் 'டிபி-82' என்ற துப்பாக்கி. ரவைக்கு இரண்டு, குண்டுக்கு ஒன்று என மூன்று குழல். கழற்றி எடுக்கும் அடிக்கட்டையோ ஒரு வெட்டரிவாள்! 1986 முதல் பல ஆண்டுகள் சோயுஸ் விண்கலத்தில் இது பறந்தது.

பென்னாகரம் காட்டில் அசல் பிழைப்புக்கலை யாரிடம் இருந்தது தெரியுமா?

வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் சுற்றித் திரிந்த காடுகள் ஒகேனக்கல், பென்னாகரம், சின்னாற்றங்கரை. 1954இல் வந்த அவருடைய நூலில் பைரா என்ற பூசாரி இனக் காட்டுவாசிக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஆண்டர்சன் கையில் .405 வின்செஸ்டர் ரைஃபிள். ஆனால் தடம் பார்த்து, ஓசை கேட்டு, மான் கத்தும் தொனியிலிருந்தே புலி எங்கே என்று சொல்லும் வித்தை காட்டில் பிறந்தவர்களுடையது. எத்தனை விலை கொடுத்தாலும் அது எந்தக் கடையிலும் கிடைக்காது!

சட்டத்திலேயே நாட்டுத் துப்பாக்கிக்கு இடம் உண்டு, தெரியுமா?

ஆச்சரியம், ஆனால் உண்மை! 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் தருவதைப் பெயர் சொல்லியே பேசுகிறது. இன்னொரு வியப்பு: காவிரி பிறக்கும் குடகில், கொடவச் சமூகத்தாருக்கும் பரம்பரை 'ஜம்மா' நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமத்திலிருந்தே விலக்கு உண்டு, 2029 வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதே காவிரி ஒகேனக்கல்லில் விழும்போது அந்தச் சலுகை கிடையாது. ஆறு ஒன்று, சட்டம் வேறு!

குழலை அறுத்துக் குட்டையாக்கினால் என்ன ஆகும் தெரியுமா?

இதைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். பைக்குள் அடங்கட்டும் என்று குழலை அறுப்பது சின்ன வேலை போலத் தோன்றலாம். ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, உரிமமின்றிக் குழலைக் குறைப்பதையே தனிக் குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டு; ஆயுள் வரை போகலாம்! ரவைத் துப்பாக்கிக் குழலுக்கு எல்லைக்கோடு 20 அங்குலம், ஏறக்குறைய 51 செ.மீ. அதற்குக் கீழே போனால் அது வேறு வகை ஆயுதம்.

சட்டம் மட்டுமா? உரிமம் பெற்ற தொழிற்சாலையில் ஒவ்வொரு குழலையும் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துவார்கள். பட்டறையில் ஏதோ ஒரு குழாயை வைத்துச் செய்ததற்கு அந்தச் சோதனை கிடையாது. உள்ளே மருந்து எரியும் வேகத்தைத் தாங்காமல் குழல் பிளந்தால் முதலில் போவது சுடுபவனின் விரலும் கண்ணும்தான்.

காட்டுக்குள் துப்பாக்கியோடு நுழைவதே குற்றம், தெரியுமா?

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. எந்தச் சரணாலயத்திலும் அனுமதியின்றி ஆயுதத்தோடு கால் வைக்கவே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை போடுகிறது. பயிரை மேயும் காட்டுப்பன்றிக்கும் 2025இல் தமிழக அரசு வழி சொல்லிவிட்டது: காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் மட்டுமே சுடலாம். சுடுபவரும் பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியராகத்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் காட்டில் வழி தவறியவரைக் காப்பாற்றுவது எது?

தண்ணீர், தீப்பெட்டி, டார்ச், ஒரு விசில், போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டு வந்த ஒரு வார்த்தை. யானைச் சாணம் சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்று பார்க்கத் தெரிந்த மலையூர்ப் பெரியவர் ஒருவர் துணைக்கு வந்தால் அதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இல்லை. விண்வெளி வரை போய் வந்த மூன்று குழல் துப்பாக்கிக்கும் இந்த அறிவு கிடையாது!

தர்மபுரி மலைக்கிராமத்து உறவுகளே, தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி உங்கள் வீட்டுப் பரணில் உரிமமின்றிக் கிடக்கிறதா? அதை அறுக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். காவல்துறையும் வனத்துறையும் ஒப்படைக்கச் சொல்லி அறிவிக்கும்போது தயங்காமல் கொடுத்துவிடுங்கள். தாத்தாவிடமிருந்து வைத்துக்கொள்ள வேண்டியது அவருடைய காட்டறிவு. அதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.