பழப்பாகும் பொதுக்கணக்கும்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது, உணவின் பெரும்பகுதிக்குக் கடல் கடந்து வரும் சரக்கையே நம்பியிருந்த பிரிட்டன் பெருங்கவலைக்கு உள்ளாயிற்று. 1940 ஜனவரியில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. கிராமத் தோட்டங்களிலோ, பதப்படுத்தச் சர்க்கரையின்றிப் பழங்கள் அழுகி வீணாகும் நிலை.

அப்போது முன்வந்தவை கிராம மாதர் சங்கங்கள். 1897-இல் கனடாவில் தோன்றிய இவ்வியக்கம், 1915-இல் வேல்ஸ் நாட்டின் சிற்றூர் ஒன்றின் வழியாகப் பிரிட்டனில் வேரூன்றியது. சமயபேதமும் கட்சிபேதமும் அதற்கில்லை. யுத்தத்தை மனமார ஏற்காத அங்கத்தினரும் அதில் இருந்தனர். உணவைக் காப்பதோ எல்லோரும் ஒருமனதாகச் செய்யக்கூடிய தொண்டு. குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரங்களிலிருந்து அனுப்பப்பட்ட குழந்தைகளையும் அப்பெண்மணிகள் தம் இல்லங்களில் ஏற்றனர்.

1940-இல் சர்க்கரை வாங்க அரசாங்கம் 1,400 பவுன் மானியம் அளித்தது. ஊர்ப் பொதுமண்டபங்களிலும் வீட்டுச் சமையலறைகளிலும் அடுப்புகள் மூண்டன. 1940 முதல் 1945 வரை 5,300 டன்னுக்கு மேற்பட்ட பழங்கள் இவ்வாறு காப்பாற்றப்பட்டன.

ஆனால், இத்தொண்டில் என் மனத்தைக் கவர்ந்தது இந்த அளவன்று. தம் ஊரில் விளைந்த பழத்தைத் தம் கையாலேயே காய்ச்சியும், ஒரு ஜாடியையேனும் அப்பெண்மணிகள் இலவசமாக எடுத்துச்செல்ல இயலாது. பொதுச் சர்க்கரையால் ஆன பாகு பொதுப் பங்கீட்டில் சேரவேண்டும். செய்தவரும் ரேஷன் முறைப்படி விலை கொடுத்தே வாங்கவேண்டும். தரமும் பரிசோதிக்கப்பட்டது. மனக்குறை எழாமலில்லை, எனினும் வேலை நிற்கவில்லை.

தணிக்கைக்காகச் சங்கங்களுக்குச் செல்லும்போது, "நாங்கள் நெய்த துணிக்கு எங்களுக்கே பில்லா?" என்று நெசவாள அன்பர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. ஒரு சங்கத்தில் பில் போடாமல் எடுத்த சில சேலைகளால் இருப்புக் குறைந்தது. குறைவு குமாஸ்தாவின் தலையில் விழுந்தது. அவர் குற்றமற்றவர் என்பது விளங்கப் பல மாதங்கள் ஆயின. நூலும் மூலதனமும் எல்லோருக்கும் பொது. ஆகவே துணியும் பொது. பில் என்பது அங்கத்தினர்மீது கொண்ட ஐயமன்று, அவருக்கும் ஊழியருக்கும் அதுவே காப்பு.

அடுப்படியில் நின்ற அப்பெண்மணிகள் கடைப்பிடித்த இம்முறையை, அங்கத்தினர்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் இருப்புக் கணக்கு வாசிக்கப்படும்போது நினைவுகூர வேண்டுகிறேன்.