மூதவையின் தெரிவு முறையும் சிறுபான்மையோர் பாதுகாப்பும்: இலங்கை அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் அரசியல் யாப்பைத் திருத்துவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் பாராளுமன்றத்திற்கு இரண்டாவது சபையொன்று வேண்டுமென்ற கருத்தும் உடன் எழுகின்றது. அத்தகைய சபை பெரும்பான்மையின் அவசரத்திற்குத் தடையாகவும் சிறுபான்மைத் தேசிய இனங்களுக்குக் காப்பாகவும் அமையுமென்பது தமிழரிடையேயும் பரவலாக உள்ள நம்பிக்கை. இந்நாட்டில் 1947 முதல் 1971 வரை, இருபத்துநான்கு ஆண்டுக் காலம், மூதவையொன்று இயங்கி மறைந்தது. அதன் உறுப்பினர் எவ்வாறு தெரிவாயினர், அது எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்டிருந்தது என்பவற்றை ஆராய்வதன் வாயிலாக இந்நம்பிக்கையின் அடிப்படையைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

1931இல் டொனமூர் அரசியல் திட்டம் சர்வசன வாக்குரிமையை வழங்கியது. சொத்தும் கல்வியும் உடையோர் இதனை மனமுவந்து ஏற்றனர் எனக் கூறுவதற்கில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்றோர் அதனை வெளிப்படையாகவே எதிர்த்தனர். எனினும், 1931 முதல் 1947 வரை இருந்த அரசாங்க சபை ஒற்றைச் சபையாகவே இயங்கியது. இரண்டாவது சபையை 1945இல் விதந்துரைத்தது சோல்பரி ஆணைக்குழுவாகும். முன்யோசனையற்ற சட்டவாக்கத்தைத் தாமதப்படுத்தல், தேர்தற் களத்தில் இறங்க விரும்பாத தகைமையாளரின் சேவையைப் பெறல் என்பன அதற்காகப் பொதுவாகக் கூறப்பட்ட நியாயங்கள். தமிழ்க் காங்கிரசின் சமபல பிரதிநிதித்துவக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட அதே சூழலில் இச்சபை முன்வைக்கப்பட்டமையால், சிறுபான்மையோருக்கான காப்புகளுள் ஒன்றாகவும் இது கருதப்படலாயிற்று.

இவ்வாறு பிறக்கும்போதே மூதவைக்கு இரு முகங்கள் இருந்தன. ஒன்று, வாக்குரிமை பெற்ற பொதுமக்களிடமிருந்து உயர் குழாத்தைக் காக்கும் முகம். மற்றையது, பெரும்பான்மையிடமிருந்து சிறுபான்மையைக் காக்கும் முகம். நடைமுறையில் எந்த முகம் மேலோங்கியது என்பதை அதன் அமைப்பே உணர்த்தும்.

2

மூதவையில் முப்பது உறுப்பினர் இருந்தனர். பதினைவரைப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் தெரிவுசெய்தனர். எஞ்சிய பதினைவரைப் பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். சிறந்த பொதுச் சேவை புரிந்தோர், அல்லது கல்வி, சட்டம், மருத்துவம், விஞ்ஞானம், பொறியியல், வங்கித்துறை, வர்த்தகம், கைத்தொழில், விவசாயம் ஆகிய துறைகளில் மேம்பட்டோர் நியமனத்திற்கு உரியோராகக் கருதப்பட்டனர். முப்பத்தைந்து வயது நிரம்பாதவர் உறுப்பினராக முடியாது. பதவிக் காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் விலக, அவ்விடங்கள் மீண்டும் நிரப்பப்பட்டன. எனவே சபை ஒருபோதும் முழுமையாகக் கலைக்கப்படவில்லை.

சபையின் தலைவரையும் உபதலைவரையும் உறுப்பினரே தெரிவுசெய்தனர். முதலாவது தலைவர் சேர் ஜெராட் விஜயகோன். இறுதித் தலைவர் ஏ. ரத்னாயக்கா. கொழும்புக் கோட்டையிலிருந்த பழைய சட்ட நிரூபண சபைக் கட்டடமே அதன் இருப்பிடமாயிற்று. அமைச்சரவையில் குறைந்தது இருவர் மூதவை உறுப்பினராயிருத்தல் வேண்டும். அவருள் ஒருவர் நீதி அமைச்சர். நிதி மசோதாக்களை அங்கு தொடக்க முடியாது. பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய நிதி மசோதாவை ஒரு மாதத்திற்கு மேல் தடுத்துவைக்கவும் முடியாது. ஏனைய மசோதாக்களை மூதவை ஏற்க மறுப்பினும், அடுத்தடுத்த இரு கூட்டத் தொடர்களில் கீழ்ச்சபை அவற்றை நிறைவேற்றினால் அவை சட்டமாகிவிடும். சுருங்கக் கூறின், மூதவைக்கு இருந்தது தாமதப்படுத்தும் அதிகாரமேயன்றித் தடுக்கும் அதிகாரமன்று.

3

இனித் தெரிவு முறையைச் சற்று விரிவாக நோக்குவோம். தெரிவு, தனி மாற்று வாக்கின் வழியான விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையில் நடைபெற்றது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கே உண்டு. ஆயினும், அபேட்சகரை 1, 2, 3 என விருப்பு வரிசையில் அவர் குறிக்கலாம். வெற்றிக்குத் தேவையான பங்கினை விஞ்சி ஒருவர் பெறும் வாக்குகள் அடுத்த விருப்புக்குரியவரைச் சேரும். ஆகக் குறைந்த வாக்குப் பெற்றவர் நீக்கப்பட, அவருடைய வாக்குகளும் அவ்வாறே மாற்றப்படும். அளிக்கப்பட்ட வாக்குகளின் தொகையை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வந்த எண்ணால் வகுத்து, வரும் முழு எண்ணோடு ஒன்றைச் சேர்த்தால் வெற்றிக்குரிய பங்கு கிடைக்கும். இது டுறூப் என்பாரின் பெயரால் அறியப்படும் வழமையான கணிப்பு.

இக்கணிப்பை இலங்கைக்குப் பிரயோகிக்கும்போது கவனத்திற்குரிய ஓர் உண்மை புலனாகின்றது. 1947இல் பிரதிநிதிகள் சபையில் 101 உறுப்பினர் இருந்தனர். பதினைந்து இடங்களும் ஒருங்கே நிரப்பப்பட்ட முதற் தெரிவில் ஓர் இடத்திற்கு ஏழு வாக்குகள் போதுமானவை. அத்தேர்தலில் தமிழ்க் காங்கிரசு பெற்ற ஆசனங்களும் ஏழே. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஐந்து இடங்கள் மாத்திரம் நிரப்பப்பட்ட பிந்திய தெரிவுகளில் அதே சபையில் பதினேழு வாக்குகள் தேவைப்பட்டன. சபை 157 உறுப்பினராக விரிந்த 1960இன் பின்னர் இத்தொகை இருபத்தேழாயிற்று. தமிழரசுக் கட்சி 1960 யூலையில் பதினாறு ஆசனங்களையும், 1965இல் பதினான்கையும், 1970இல் பதின்மூன்றையும் பெற்றது. வடக்கு கிழக்கின் மிகப் பெரிய கட்சி, அதன் உச்ச பலத்திலுங்கூட, தன் சொந்த வாக்குகளால் ஒருவரையேனும் மூதவைக்கு அனுப்ப முடியாத நிலையில் இருந்தது என்பதே இதன் பொருள். விகிதாசார முறை எனப் பெயர் பெற்றிருப்பினும், இடங்களைப் பகுதி பகுதியாக நிரப்பும் ஏற்பாடு அதன் விகிதாசாரத் தன்மையைப் பெரிதும் குறைத்துவிட்டது. எஞ்சிய வழிகள் இரண்டே: பெருங் கட்சியொன்றின் மிகை வாக்குகளைப் பேரத்தின் மூலம் பெறுவது, அல்லது பிரதம மந்திரியின் தயவால் நியமனம் பெறுவது.

இரண்டாவது வழிக்கு மு. திருச்செல்வத்தின் அரசியல் வாழ்வு தக்க சான்றாகும். 1965இல் டட்லி சேனநாயக்காவுக்கும் செல்வநாயகத்திற்குமிடையே ஏற்பட்ட உடன்பாட்டையடுத்து, அவர் மூதவை உறுப்பினராக நியமிக்கப்பட்டு உள்ளூராட்சி அமைச்சரானார். அவ்வுடன்பாட்டின் உயிர்நாடியான மாவட்ட சபை மசோதா கைவிடப்பட்டது. 1968இல் அவரும் பதவி துறந்தார். மூதவை அவருக்கு அமைச்சரவையினுள் நுழைவதற்கான வாயிலாக அமைந்ததேயன்றி, அவர் சார்ந்த மக்களின் கோரிக்கையை வற்புறுத்துவதற்கான தளமாக அமையவில்லை. இதே வாயிலின் மற்றொரு பயனையும் 1960இல் காணலாம். சிறிமாவோ பண்டாரநாயக்கா அவ்வாண்டு உலகின் முதலாவது பெண் பிரதமரானபோது மக்கள் வாக்கால் தெரிவான உறுப்பினராக இருக்கவில்லை; பதவியேற்ற பின்னர் மூதவை உறுப்பினராக நியமிக்கப்பட்டே அவர் பதவியில் நீடித்தார்.

4

காப்பு என்ற வகையில் மூதவை சாதித்தது யாது? மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அச்சபையைக் கடந்தே சட்டமாயிற்று. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமும் அவ்வாறே. சபையில் நேர்மையாளர் இருக்கவில்லை என்பதல்ல இதற்குக் காரணம். 1947 முதல் இறுதிவரை அங்கு வீற்றிருந்த சட்டத்தரணி சோ. நடேசன் போன்றோரின் சுதந்திரமான குரலை யாரும் மறுக்கவியலாது. ஆனால் தனிமனிதரின் அறிவாற்றல் அமைப்பின் குறையை ஈடுசெய்ய முடியாது. பாதி உறுப்பினரைக் கீழ்ச்சபையின் பெரும்பான்மை தெரிவுசெய்ய, மறுபாதியை அதே பெரும்பான்மையின் தலைவர் நியமிக்கும் சபை, அப்பெரும்பான்மையின் நிழலாகவே இருக்கும். ஆட்சி மாறும்போது சிறிது காலம் பழைய பெரும்பான்மையின் நிழலாக இருக்கும். 1956இன் பின்னரும் 1970இன் பின்னரும் புதிய அரசாங்கங்கள் மூதவையை முட்டுக்கட்டையாகக் கண்டமைக்கு இதுவே காரணம்.

வர்க்க நோக்கில் பார்ப்பின் நியமனத்திற்குரிய துறைகளின் பட்டியலே போதிய சான்றாகும். சட்டமும் மருத்துவமும் வங்கித்துறையும் எவருடைய துறைகள்? யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை அவை ஆங்கிலக் கல்வி பெற்ற, பெரும்பாலும் உயர்சாதியைச் சேர்ந்த உத்தியோகக் குடும்பங்களின் துறைகளாகவே அன்று இருந்தன. கோயிலினுள்ளும் தேநீர்க் கடையினுள்ளும் நுழையும் உரிமைக்காக 1960களின் பிற்பகுதியிலும் போராடவேண்டியிருந்த மக்களுக்கு அப்பட்டியலில் இடமில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபையைச் சேர்ந்த எம். சி. சுப்பிரமணியம் 1970இல் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றது கீழ்ச்சபைக்கே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

1971 ஒக்டோபர் 2ஆம் நாள் மூதவை ஒழிக்கப்பட்டது. சிறப்புரிமையின் கோட்டையொன்றை ஒழித்தமை முற்போக்கான செயலென்பதில் ஐயமில்லை. ஆனால் அதனை ஒழித்த ஐக்கிய முன்னணி, அந்த இடத்தில் தேசிய இனங்களின் பிரதிநிதித்துவத்திற்கென எதனையும் அமைக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் யாப்பு, சிறுபான்மையோருக்கு எதிரான பாகுபாட்டைத் தடுத்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவையும் கைவிட்டு, ஒற்றையாட்சியை வலியுறுத்தியது. அவ்யாப்பின் சிற்பியான கொல்வின் ஆர். டி சில்வா 1956இல் இரு மொழிகளின் சமத்துவத்திற்காக வாதிட்டவர் என்பதை எண்ணும்போது, இடதுசாரிகள் தேசிய இனப் பிரச்சினையில் அடைந்த சரிவு தெளிவாகின்றது.

5

அயல்நாட்டு அனுபவங்கள் இம்முடிவை வலுப்படுத்துகின்றன. இந்திய மாநிலங்களவையிலும் பதவிக்காலம் ஆறு ஆண்டுகளே. அங்கும் மூன்றிலொரு பங்கினர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விலகுகின்றனர்; தெரிவும் தனி மாற்று வாக்கினாலேயே நடைபெறுகின்றது. பொறிமுறை ஏறக்குறைய இலங்கையினதே. ஆனால் வாக்களிப்போர் மத்தியக் கீழ்ச்சபையினர் அல்லர், மாநிலச் சட்டமன்றத்தினர். ஆகவே மத்தியில் ஆளும் கட்சிக்குப் புறம்பான மாநிலக் கட்சிகள் அங்கு தமது சொந்தப் பலத்தில் இடம்பெறுகின்றன. இதற்கு மாறாக, பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தனித் தொகுதிகள் வழங்கிய தமிழ்நாட்டுச் சட்ட மேலவை, பிரதேசம் எதனையும் பிரதிநிதித்துவப்படுத்தாமையால், 1986இல் ஒழிக்கப்பட்டபோது அதனால் இழப்புற்ற மாநிலப் பகுதி எதுவும் இருக்கவில்லை.

இலங்கையில் 2017இல் வெளியான அரசியலமைப்புச் சபையின் வழிகாட்டற் குழு இடைக்கால அறிக்கை இவ்வகையில் முன்னேற்றமானது. 55 உறுப்பினரைக் கொண்ட இரண்டாவது சபையில் ஒன்பது மாகாண சபைகளும் தலா ஐவராக 45 பேரைத் தனி மாற்று வாக்கினால் அனுப்ப, பாராளுமன்றம் பத்துப் பேரைத் தெரிவுசெய்யும் என அது முன்மொழிந்தது. 2013இல் தெரிவான வட மாகாண சபையின் 38 உறுப்பினரை வைத்துக் கணித்தால் ஓர் இடத்திற்கு ஏழு வாக்குகள் போதும். முப்பது உறுப்பினரைக் கொண்டிருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நால்வரையும், ஏழு உறுப்பினரைக் கொண்டிருந்த ஐக்கிய மக்கள் சுதந்திர முன்னணி ஒருவரையும் அனுப்பியிருக்கலாம். கொழும்பின் தயவு இதற்குத் தேவையில்லை.

எனினும் இரு வரையறைகளைக் கருத்திற் கொள்ளவேண்டும். முதலாவது, யாப்புத் திருத்தத்திற்கு அச்சபையிலும் மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டுமென்று வைத்தாலும், அதனைத் தடுக்கப் பத்தொன்பது பேர் தேவை. வடக்கும் கிழக்கும் சேர்ந்து அனுப்புவோர் பதின்மரே. எனவே ஏனைய மாகாணங்களின் உழைக்கும் மக்களோடும் மலையக மக்களோடும் கூட்டின்றி இக்காப்புப் பயன் தராது. இரண்டாவது, ஏழு வாக்கு என்னும் வாயில், மாகாணத்தினுள்ளேயுள்ள முஸ்லிம்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் எளிதில் திறப்பதன்று. 2013ஆம் ஆண்டுச் சபையில் முஸ்லிம் காங்கிரசுக்கு இருந்தது ஒரேயோர் உறுப்பினர். பெரும்பான்மைக்கு எதிராகப் பிரதிநிதித்துவம் கோருவோர் தம்முள் இருக்கும் சிறுபான்மையோருக்கு அதனை மறுப்பாராயின் அக்கோரிக்கையின் சனநாயக அடிப்படை பலவீனமடையும்.

அம்முன்மொழிவு யாப்பாக மலரவில்லை. வட மாகாண சபையின் காலமும் 2018 ஒக்டோபரில் முடிவடைந்து, அதன் பின்னர் பல ஆண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன. மாகாண சபைகளே இயங்காதவிடத்து அவற்றின் மீது எழுப்பப்படும் மேற்சபை வெறுங் கடதாசித் திட்டமாகவே இருக்கும். ஆதலின் மூதவை வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதத்திற்கு முன்னர், அதனைத் தெரிவுசெய்யும் வாக்கு எவரிடம் இருக்கும் என்ற வினாவையும், அவ்வாக்கை அளிக்கவேண்டிய மாகாண சபைகளை மீள இயங்கவைக்கும் கடமையையும் முற்போக்குச் சக்திகள் முதன்மைப்படுத்துதல் அவசியமாகும்.