உதகையை வாழ வைப்பது எது?



கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உதகைக்குச் சென்று வந்திருப்பீர்கள். பூங்காவைச் சுற்றிப் பார்த்து, ஏரியில் படகேறி, திரும்பும்போது வர்க்கியும் தேயிலையும் வாங்கியிருப்பீர்கள். இத்தனை உயரத்தில் ஒரு நகரம் ஏன் உண்டாயிற்று என்று எண்ணிப் பார்த்தீர்களா? நாகப்பட்டினத்தைக் கடல் வளர்த்தது. மதுரையை வைகை வளர்த்தது. கடல்மட்டத்திற்கு மேல் 2,200 மீட்டரைத் தாண்டி நிற்கும் உதகையை வளர்த்தது எது?

துனிஸ் நகரில் 1332-இல் பிறந்த அறிஞர் இப்னு கல்தூன் (ரஹ்), 1377-இல் எழுதிய 'முகத்திமா' என்னும் நூலில் நகரங்களைப் பற்றித் தனியே ஆராய்ந்துள்ளார். அவர் கூறுவனவற்றுள் மூன்று நமக்கு இங்கே பயன்படும். நகரத்தைத் தோற்றுவிக்க ஆட்சியதிகாரம் வேண்டும். தோற்றுவிக்கும் இடத்தில் நல்ல நீர், தூய காற்று, மேய்ச்சல் நிலம், விளைநிலம், விறகு ஆகியன வேண்டும். தோற்றுவித்த ஆட்சி போன பின்னும் நகரம் நிலைக்க வேண்டுமானால், அதைச் சுற்றி மக்கள் வாழ வேண்டும்.

அதிகாரம் இட்ட அடிக்கல்

நீலகிரியில் தொதவர்களின் மந்துகளும், கோத்தர்களின் ஊர்களும், படகர்களின் ஹட்டிகளும் முன்பே இருந்தன. ஒருவர் பொருளை மற்றவர் பெற்று வாழ்ந்தனரே அன்றி, அங்கே நகரம் என்று ஒன்று இல்லை. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். சில ஆண்டுகளில் கல்வீடு எழுந்தது, ஏரி வெட்டப்பட்டது. 1870 முதல் சென்னை மாகாண அரசே கோடைக்காலத்தில் உதகையிலிருந்து நடைபெற்றது. வெயிலுக்கு அஞ்சிய ஆட்சியாளர்களின் அதிகாரமே இந்நகருக்கு அடிக்கல் ஆயிற்று.

இடமும் தொடர்பும்

ஒரு நகரை ஆராயும் புவியியல் அறிஞர்கள் இரண்டைக் கேட்பர். அந்த இடத்தின் இயல்பு என்ன? பிற ஊர்களோடு அதற்குள்ள தொடர்பு என்ன? உதகையின் இடம் நன்று. தொடர்போ அரிதாக இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயில் 1899-இல் குன்னூரை எட்டியது. 1908-இல் உதகையை அடைந்தது. வழி திறந்ததும் வணிகம் பெருகியது.

ஊருக்கு ஒரு பணி

நகரங்கள் தம்முள் பணிகளைப் பகிர்ந்துகொள்வதும் இயல்பே. உதகைக்கு நிருவாகம், வெலிங்டனுக்கு இராணுவம், அரவங்காட்டுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலை, குன்னூருக்குத் தேயிலை ஏலம். சிற்றூரில் கிடைக்காததைப் பேரூரிலும், பேரூரில் கிடைக்காததை நகரிலும் மக்கள் தேடுவர் என்ற உண்மையை ஜெர்மானியரான வால்டர் கிறிஸ்டாலர் 1933-இல் ஒரு கோட்பாடாகவே வகுத்தார். ஹட்டியில் உள்ள பெட்டிக்கடையில் உப்பு கிடைக்கும். திருமணத் துணிக்கு உதகைக் கடைவீதிக்கே வரவேண்டும் அல்லவா?

ஆட்சி சென்றது, நகர் நின்றது

1947-இல் ஆங்கிலேயர் வெளியேறினர். அவர்களை மட்டுமே நம்பியிருந்தால் உதகை அன்றே பாழடைந்திருக்கும். ஆனால் சுற்றியுள்ள சிற்றூர்கள் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் தேயிலையும் விளைவித்தன. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் பலர் இங்கே தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். தமிழும் மலையாளமும் உர்தூவும் பேசும் முஸ்லிம் வணிகக் குடும்பங்களும் கடைவீதிகளில் வேரூன்றின. இப்னு கல்தூன் சொன்ன மூன்றாம் விதி இதுவே: சுற்றுப்புறம் வாழ்ந்தது, நகரும் வாழ்ந்தது.

அந்த வேர் இன்று தளர்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். 2001-இல் 7,62,141 ஆக இருந்த நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 7,35,394 ஆகக் குறைந்தது. பசுந்தேயிலை விலை வீழ்ந்த காலத்தில் பலர் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிச் சென்றனர். சுற்றுலாவுக்கு வருவோரோ பெருகினர். விருந்தினர் பெருகி வீட்டார் குறைவது எந்த வீட்டுக்கும் நல்ல அடையாளம் அன்று.

நீரும் சரிவும்

தேங்கிக் கெட்ட நீரின் அருகில் நகரமைப்பது நோயை அழைப்பதாகும் என்றும் இப்னு கல்தூன் எச்சரித்தார். உதகை ஏரி முன்னர் இன்னும் பெரிதாக இருந்தது. அந்நிலத்தின் ஒரு பகுதியில் பின்னர்க் குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் அமைந்தன. எஞ்சிய ஏரியில் கோடப்பமந்து கால்வாய் வழியே நகரின் கழிவுநீர் வந்து கலந்தது. 2009 நவம்பரில் பெருமழை பெய்தபோது சரிவுகள் பெயர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையில் கட்டடம் கட்டுவதற்கு 1993-இல் தனி விதிகள் வந்தன. உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் முறையும் வந்தது. ஆயினும் விதிகள் வாயிலில் நிற்கும் காவலரே. வீட்டைப் பேண வேண்டியவர் உள்ளே இருப்பவர் அன்றோ?

குன்னூர் ஆற்றின் நீர் பவானியில் சேர்கிறது. பவானி காவிரியில் கலக்கிறது. மலையில் ஒருவர் எறியும் அழுக்கு, கீழே முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் குடத்தை அடைகிறது. மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் அமானிதம்.

அடுத்த முறை உதகைக்குச் செல்லும்போது, ஏரியோடும் பூங்காவோடும் நில்லாமல், காலையில் காய்கறி மூட்டையோடு சந்தைக்கு வரும் ஹட்டி விவசாயியையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். "இவரால்தான் இந்த நகரம் இன்னும் நிற்கிறது" என்று சொல்லிக் கொடுங்கள். அது ஒரு நல்ல புவியியல் பாடமாக அமையும், இன்ஷா அல்லாஹ்.