கழுத்தில் நெறி கட்டினால் எல்லாம் காசநோய் அல்ல

வில்லியனூர், பாகூர் பகுதிக் கிராமங்களிலிருந்து வருவோரிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள், "கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது" என்பவை. சொத்தைப் பல், தலைப்புண், தொண்டைப்புண் ஆகியவற்றால் கட்டும் நெறி பெரும்பாலும் சில வாரங்களில் வடிந்துவிடும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நம் நாட்டில் அவ்வாறு நீடிக்கும் நெறிக்கு முக்கியக் காரணம் காசநோய். ஆயினும் அதைப் போலவே தோன்றும் அரிய நோய் ஒன்றும் உண்டு: கிக்குச்சி-ஃபுஜிமோட்டோ நோய்.

1972ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர்களான கிக்குச்சியும் ஃபுஜிமோட்டோவும் தனித்தனியே இதனை விவரித்தனர். ஆசிய மக்களிடையே, குறிப்பாக 40 வயதுக்கு உட்பட்ட பெண்களிடம், இது கூடுதலாகக் காணப்படுகிறது. கழுத்தில் வலியுடன் நெறி கட்டும், காய்ச்சல் வரும், சிலருக்கு இரவில் வியர்க்கும், எடை குறையும். காசநோயிலும் நிணநீர்ப் புற்றுநோயிலும் இதே அறிகுறிகள் இருப்பதே சிக்கல்.

உறுதி செய்வது எப்படி?

முதலில் ஊசி மூலம் நெறியிலிருந்து சிறிது எடுத்துச் சோதிப்போம். அதில் தெளிவு கிட்டாவிடில், ஒரு நெறியை முழுதாக அகற்றித் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவோம். காசநோய்க் கிருமி உள்ளதா என்றும் பார்ப்போம். "கத்தி பட்டால் கட்டி பரவும்" என்று அஞ்சி இதனை மறுப்போர் உண்டு. நெறியை எடுப்பதால் நோய் பரவாது.

கிக்குச்சி நோய் தானாகவே தணியக்கூடியது. எனவே சோதிக்காமல் காசநோய் மாத்திரை கொடுத்தாலும் நெறி வடியும். மாத்திரைதான் குணப்படுத்தியது என்று தோன்றும். தேவையற்ற மருந்தை ஆறு மாதம் உட்கொண்டு, கல்லீரல் பாதிப்புக்கும் ஆளாக நேரலாம். அதேவேளை, ஏற்கெனவே காசநோய் மருந்து உட்கொள்வோர் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தலாகாது. ஐயமிருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

சிகிச்சையும் தொடர் கவனிப்பும்

பெரும்பாலோர்க்கு ஓய்வும், காய்ச்சலுக்கும் வலிக்கும் உரிய மருந்துகளுமே போதும். ஒன்று முதல் நான்கு மாதங்களில் குணமாகும். கடுமையாக இருப்போர்க்கு மட்டும் ஸ்டீராய்டு தேவைப்படலாம். இது தொற்றுநோய் அன்று. நோயாளிக்குத் தனித் தட்டும் தனிப் பாயும் வேண்டியதில்லை.

நெறி வடிந்ததும் வருகையை நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு நோய் திரும்பலாம். வேறு சிலருக்குப் பின்னாளில் லூபஸ் என்னும் நோய் தோன்றலாம். மூட்டுவலி, முகத்தில் தடிப்பு, ஆறாத வாய்ப்புண் ஆகியவை கண்டால் உடனே வாருங்கள். திசுப் பரிசோதனை அறிக்கையைப் பத்திரப்படுத்தி, எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் உடன் கொண்டுசெல்லுங்கள்.